டின்னி கில்டே அடித்த கோல்

ஊனா: ...கார் நம்ம சந்துலதான் திரும்புதுங்க. கறுப்புக் கார்.

மானஸ்: டாக்டரா இருக்கும்.

ஊனா: டாக்டர் எதுக்கு இங்க வர்றாரு? இந்த வீட்ல யாருக்கு நோவு?

மானஸ்: நம்ம பெரியவன் டின்னிக்குத்தான். ஒன்பது நாளா கணுக்கால் சுளுக்குன்னு நொண்டிக்கிட்டுத் திரியறானே.

ஊனா: நொண்டச் சொன்னது நான். இல்லேன்னா மாவட்ட அணியில அடுத்த ஆட்டத்துக்கு அவனைக் கூப்பிட மாட்டாங்களா? பந்தைப் பாத்தாலே கண்ணை மூடிக்கிறவன் அவன்... ஐயோ. வெள்ளைக் காலர். சாமியாருங்க!

மானஸ்: நம்ம கோயில் பங்குச் சாமியா?

ஊனா: பங்குச் சாமிக்கு ஏது காரு? உயரமா, ஒல்லியா... குருமடத்துத் துணை அதிபர்! ஃபாதர் டெவனி! நம்ம சின்னவன் யூனனைச் சாமியாருக்குப் படிக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்னிக்குப் பாத்தோமே, சிரிக்கவே தெரியாதவர்.

மானஸ்: தெரிஞ்சுபோச்சு.

ஊனா: எப்படித் தெரியும்? இறுதியாட்டத்து அணிப் பட்டியல்ல டின்னி பேரு. பேப்பர்லயும் டின்னி பேரு. நம்ம ட்ரம்லா பங்குல ஒருத்தன் வாய் தொறக்க மாட்டான்.

மானஸ்: பேரு டின்னியோடது. காலு யூனனோடது. அப்படி ஒரு இடது காலு டோனிகல் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் கிடையாது. பாத்தவனுக்குத் தெரியாதா?

ஊனா: பெருமையடிக்கிற நேரமா இது! குருமடத்துல படிக்கிறவன் வெளியில போய் ஆடினான்னு தெரிஞ்சா அன்னிக்கே பெட்டியைக் கட்டி அனுப்பிடுவாங்க. நாலு வருஷப் படிப்பு. நாளைக்குப் பூசை வைக்கப் போற பிள்ளை.

மானஸ்: கோப்பையும் போகும். வேற பேருல ஆளை இறக்கினா ஆட்டமே செல்லாது. தோத்துப்போன கில்டரன் ஊர்க்காரன் வந்து நம்ம அலமாரியிலேர்ந்து எடுத்துட்டுப் போவான். முப்பத்தோரு வருஷம் கழிச்சு இந்தப் பங்குக்கு வந்த கோப்பை.

ஊனா: அப்ப பொய் சொல்லுங்க.

மானஸ்: நான் பொய் சொன்னதில்லை.

ஊனா: இன்னிக்கு ஆரம்பிங்க.

மானஸ்: ஊனா, கில்டே வீட்டுக்காரன் வாக்குக் குடுத்தா சந்தையில எவனும் சாட்சி கேக்க மாட்டான். எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போனது பதினோரு ஏக்கர் சேறும் அந்தப் பேரும்தான். சேறு எப்படியோ போகட்டும்.

ஊனா: சரி. உங்க வாயால வேண்டாம். நான் சொல்றேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல பங்குச் சாமிகிட்ட சொல்லி இறக்கி வெச்சுக்கிறேன். நீங்க ரொட்டியைத் தின்னுட்டு உக்காந்திருங்க.

மானஸ்: கதவைத் தட்டறாரு.

ஊனா: வாங்க சாமி! வாங்க, வாங்க! என்ன ஆச்சரியம்! கார் வந்த சத்தமே கேக்கலை!

டெவனி: கேக்கலையா? சன்னல்ல உங்க தலை தெரிஞ்ச மாதிரி இருந்துதே அம்மா.

ஊனா: அது... கோழி விரட்டினேன் சாமி.

டெவனி: வீட்டுக்குள்ள?

ஊனா: இவர் கதவைச் சாத்தறதில்லை. உக்காருங்க. அடுப்புக்கிட்ட உக்காருங்க. டீ இருக்கு, சோடா ரொட்டி இருக்கு, வெண்ணெய் இன்னிக்குக் காலையில கடைஞ்சது.

டெவனி: மானஸ், சௌக்கியமா?

மானஸ்: சௌக்கியம் சாமி.

டெவனி: இதுதானா அது? அலமாரியில இருக்கறது?

மானஸ்: அதேதான்.

டெவனி: தொடலாமா?

ஊனா: தாராளமா. சாம்பல் போட்டுத் தேய்ச்சு வெச்சிருக்கேன். உங்க முகமே தெரியும் பாருங்க.

டெவனி: தெரியுது. கொஞ்சம் அகலமாத் தெரியுது... டின்னி அடிச்ச கோல்னு கேள்விப்பட்டேன்.

மானஸ்: கோலை அடிச்சது என் மகன்.

டெவனி: டின்னி.

ஊனா: டின்னிதான் சாமி! டின்னி!

டெவனி: வழியில அவனைப் பாத்தேன்.

ஊனா: எ... எங்க சாமி?

டெவனி: பள்ளிக்கூடத்துக்கிட்ட. மதிலைத் தாண்டி ஒரு பந்து உருண்டு வந்தது. நேரா அவன் காலுக்கு.

ஊனா: வந்து?

டெவனி: ஒதுங்கி நின்னு வழி விட்டான். ஆயர் ஊர்வலம் போற மாதிரி.

ஊனா: கணுக்கால் சாமி. பந்துப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

டெவனி: எந்தக் கால்?

ஊனா: வலது.

டெவனி: இடது கால்ல நொண்டினானே?

ஊனா: மாத்தி மாத்தி நொண்டுவான். ஒரே காலுக்குப் பாரம் ஆகக் கூடாது பாருங்க.

டெவனி: மானஸ், நீங்க எதுவும் சொல்லலையே?

மானஸ்: ரொட்டி தின்னுட்டிருக்கேன் சாமி.

டெவனி: சரி, நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். கில்டரன்காரங்க மாவட்டக் கமிட்டிக்கு ஆட்சேபம் எழுதிப் போட்டிருக்காங்க. தெரியுமா?

மானஸ்: தெரியும். மைதானத்துல தோத்துட்டு மேசையில ஜெயிக்கப் பாக்கறது அவங்க பரம்பரைப் பழக்கம்.

டெவனி: உங்க அணியில குருமாணவன் ஒருத்தன் அண்ணன் பேருல ஆடினான்னு எழுதியிருக்காங்க. கமிட்டி எங்களுக்கு எழுதிக் கேட்டுது. அந்த ஞாயித்துக்கிழமை யூனன் கில்டே எங்க இருந்தான்னு.

ஊனா: நீங்க என்ன... பதில் எழுதிட்டீங்களா?

டெவனி: கடிதம்னு வந்தா பதில் எழுதித்தானே ஆகணும். இப்ப நீங்க சொல்லுங்க மானஸ். நீங்க பொய் பேசாதவர்னு இந்தப் பக்கம் எல்லாரும் சொல்றாங்க. அன்னிக்கு ஆடினது யார்?

மானஸ்: என் மகன்.

டெவனி: எந்த மகன்?

மானஸ்: நான் பெத்த மகன்.

ஊனா: நீங்களா பெத்தீங்க? மூணு நாள் வலியெடுத்து... டின்னி சாமி, டின்னி.

டெவனி: அம்மா, யாரோ மேசைக்கடியில என் காலை உதைக்கிறாங்க.

ஊனா: ஐயையோ, இவர் காலுன்னு நினைச்சேன்! மன்னிச்சுக்குங்க சாமி. இன்னும் கொஞ்சம் டீ?

டெவனி: ஊத்துங்க. மானஸ், அந்த மகனைப் பத்திச் சொல்லுங்களேன். எப்ப ஆட ஆரம்பிச்சான்?

மானஸ்: அதைத் தாராளமாச் சொல்லலாம். அஞ்சு வயசு. மாட்டுக் கொட்டில் சுவர்ல சுண்ணாம்பால ஒரு வட்டம் போட்டுக் குடுத்தேன். நாள் முழுக்க அதைப் பாத்துக் காலால அடிப்பான், திரும்பி வர்ற பந்தைக் கையால பிடிப்பான், நம்ம ஐரிஷ் ஆட்டத்து முறைப்படி. சுவர்ல பூச்சு உதிரும். நாலு தடவை பூசினேன். அஞ்சாவது தடவை விட்டுட்டேன்.

ஊனா: மாட்டுக்குத்தான் பாவம். பால் கறக்கவே விடாது, அந்தச் சத்தத்துல.

மானஸ்: வாத்தியார் வலது கையாலதான் எழுதணும்னு பிரம்பால அடிப்பார். கையை மாத்திட்டார். காலை மாத்த முடியலை. பன்னிரண்டு வயசுல பள்ளிக்கூட அணி. பதினஞ்சுல பங்கு அணியோட பெரியவங்க கூட. முதல் ஆட்டத்துலயே ரெண்டு பல்லு போச்சு.

டெவனி: முன்பல்லா?

மானஸ்: முன்பல்லு. பல்லைத் துப்பிட்டு, கம்பத்துக்கு மேல மூணு தடவை அடிச்சு மூணு புள்ளி எடுத்துட்டு வந்தான். வீட்டுக்கு வந்துதான் அழுதான்.

டெவனி: டின்னிக்குப் பல்லெல்லாம் இருக்கே? வழியில சிரிச்சான்.

ஊனா: கட்டின பல்லு சாமி.

டெவனி: ரொம்ப நல்லாக் கட்டியிருக்காங்க... மேல சொல்லுங்க.

மானஸ்: பதினேழு வயசுல டோனிகல் இளையோர் அணிக்கு எடுத்தாங்க. கில்டே குடும்பத்துல மாவட்டச் சட்டையைப் போட்ட முதல் ஆள். அன்னிக்கு ராத்திரி சட்டையைத் துவைக்க விடலை நான். சேறோட இந்த நாற்காலி மேல போட்டு வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். அடுத்த வருஷம் பெரிய அணிக்கு ஆள் தேடறவங்க ரெண்டு பேர் நீங்க உக்காந்திருக்கிற இடத்துல உக்காந்து கேட்டாங்க.

டெவனி: அப்புறம்?

மானஸ்: உங்க டீ ஆறுது சாமி.

டெவனி: அப்புறம் ஆடலையா?

மானஸ்: நாலு வருஷம் வெளியில ஆடலை.

டெவனி: ஏன்?

ஊனா: சுளுக்கு.

டெவனி: நாலு வருஷமா?

ஊனா: ஆழமான சுளுக்கு சாமி.

டெவனி: நாலு வருஷம் ஆடாதவன், ஒரு நாள் வந்து, மாவட்ட இறுதியாட்டத்துல, கடைசி நிமிஷத்துல கோல் போட்டுட்டான்.

மானஸ்: போட்டான்.

டெவனி: நான் கேள்விப்பட்டது வேற. அதிர்ஷ்டம்னாங்க.

மானஸ்: என்னது?

ஊனா: என்னங்க... ரொட்டி.

டெவனி: சேத்துல கோல் காவல்காரன் வழுக்கி விழுந்துட்டானாம். பந்து தானா உருண்டு உள்ள போச்சாம். யார் அடிச்சாலும் போயிருக்குமாம்.

மானஸ்: யார் சொன்னது?

டெவனி: ஊர்ல பேசிக்கிறாங்க.

மானஸ்: எந்த ஊர்ல? கில்டரன்லயா?

ஊனா: விடுங்க. அதிர்ஷ்டம்னே இருக்கட்டும். அதிர்ஷ்டம் கெட்ட வார்த்தையா? டின்னிக்கு எப்பவுமே அதிர்ஷ்டம்...

மானஸ்: நீ கொஞ்சம் இரு. அதிர்ஷ்டமா? சாமி, அந்தத் தட்டைத் தள்ளி வைங்க. இந்த வெண்ணெய்க் கிண்ணம்தான் கில்டரன் கோல் கம்பம். உப்புச் சாடி நம்ம கம்பம். ஒரு நிமிஷம் பாக்கி. நாம ரெண்டு புள்ளி பின்னால. பந்து எங்க இருக்கு? இதோ, நம்ம உப்புச் சாடிக்கு முன்னால, நாப்பது கஜத்துல. உயரமா மேலேர்ந்து இறங்குது. கீழ யார்? அவங்க நடு ஆள், அந்தக் கசாப்புக்கடைக்காரன். மாட்டைத் தூக்கித் தோள்ல போடறவன்.

டெவனி: ஆமா, பெரிய உருவம்... அப்படிச் சொன்னாங்க.

மானஸ்: அவன் தலைக்கு மேல கையை நீட்டியாச்சு. பந்து அவன் கைக்குள்ளதான். எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம். பின்னாலேர்ந்து என் பையன் ஓடி வந்தான். குதிச்சான் பாருங்க... முழங்கால் அந்த ஆள் தோள் உசரத்துல. ரெண்டு கையாலயும் பந்தைப் பறிச்சுக்கிட்டு இறங்கினான். வெறுங்கையைப் பாத்துக்கிட்டு நிக்கறான் கசாப்புக்காரன்.

டெவனி: இறங்கினதும்?

மானஸ்: மூணு பேர் பாஞ்சாங்க. முதல் ஆளைத் தோளுக்குத் தோள். சட்டப்படி. அவன் சேத்துல உக்காந்துட்டான். ரெண்டாவது ஆள் சட்டையைப் பிடிச்சான். கையில சட்டைக் கிழிசல்தான் மிஞ்சுது. அப்புறம் ஓட்டம். பந்தைக் காலால தட்டிக் கையில வாங்கறான், தட்டறான், வாங்கறான். ஊறிப்போன பந்து சாமி, கல்லு மாதிரி கனம். காலை விட்டு ஒரு விரக்கடை விலகலை.

டெவனி: மூணாவது ஆள்?

மானஸ்: அவன் கடைசி வரைக்கும் பின்னாலயே ஓடிட்டிருந்தான். என் பையன் முதுகைப் பாத்துக்கிட்டே.

டெவனி: அப்புறம்? அப்புறம்?

மானஸ்: இதோ வெண்ணெய்க் கிண்ணத்துக்கு இருபது கஜம். நம்மாளுங்க எல்லாம் "மேல அடி, மேல அடி"ன்னு கத்தறாங்க. மேல அடிச்சா ஒரு புள்ளிதான். ஒரு புள்ளியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? தோல்விதான். அவனுக்குத் தெரியும். ஆனா மேல அடிக்கிறவன் மாதிரியே தலையைத் தூக்கினான். கோல் காவல்காரனும் வானத்தைப் பாத்தான். வழுக்கலை சாமி! விழலை! நட்ட கம்பு மாதிரி வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னான்! என் பையன் பந்தை இடது காலுக்கு நழுவ விட்டான். தரையோட தரையா, புல்லைச் சீவிக்கிட்டு, கம்பத்தோட அடியில... வலையில தேங்கின மழைத்தண்ணி மொத்தமும் தெறிச்சுது. கோலுக்கு மூணு புள்ளி. ஒரு புள்ளியில ஜெயிச்சோம். அதிர்ஷ்டமாம்! நாலு வருஷமா உங்க குருமடத்து முட்டைக்கோஸ் தண்ணியைக் குடிச்சுட்டு வந்து ஒருத்தன் அப்படி ஆடினா அதுக்குப் பேரு...

ஊனா: என்னங்க!

டெவனி: முட்டைக்கோஸா?

ஊனா: ஆமா, முட்டைக்கோஸ்... டின்னிக்கும் பிடிக்கும் சாமி... யூனன் லீவுக்கு வரும்போது கொஞ்சம் கொண்டுவந்து...

மானஸ்: போதும் ஊனா.

ஊனா: கொஞ்சம் பொறுங்க, நான் சொல்லிடறேன்...

மானஸ்: போதும்னேன். நாற்காலியை இழு, நான் எழுந்து நிக்கணும்... சாமி, அது யூனன் அடிச்ச கோல். யூனன் கில்டே. ஒன்பது நாளா ஊர்ல ஒவ்வொருத்தனும் என் கையைக் குலுக்கி "டின்னி அடிச்சான் பாத்தீங்களா"ன்னு கண்ணைச் சிமிட்டறான். நானும் தலையை ஆட்டிட்டு வர்றேன். ஜெயிச்ச ராத்திரி ரோடு நெடுகத் தார்ப் பீப்பாயைக் கொளுத்தி, டின்னியைத் தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. அவன் பயத்துல கீழ இறக்கச் சொல்லி அழறான். கோல் அடிச்சவன் முகத்துச் சேத்தைக்கூடக் கழுவாம வேலி தாண்டி ஓடிட்டான். இந்தக் கோப்பையை அவன் இன்னும் கையால தொடலை.

ஊனா: சாமி, சின்னப் பிள்ளை, தெரியாம...

மானஸ்: தெரிஞ்சுதான் ஆடினான். கூப்பிட்டது நான். கடிதம் போட்டு வரச் சொன்னது நான். தண்டனைன்னா எனக்குக் குடுங்க. அவனை அனுப்பித்தான் ஆகணும்னா அனுப்புங்க. கோப்பையை எடுக்கணும்னா அதோ இருக்கு. ஆனா என் வீட்ல, என் மேசையில உக்காந்து, அந்தக் கோலை அதிர்ஷ்டம்னு யாரும் சொல்லக் கூடாது. அவன் பேரைச் சரியாச் சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க.

டெவனி: உக்காருங்க மானஸ்.

மானஸ்: நின்னுக்கிறேன்.

டெவனி: நேத்து சாயங்காலம் கமிட்டி கூடிச்சு.

ஊனா: நேத்தேவா?

டெவனி: ஆட்சேபம் தள்ளுபடி. கோப்பை ட்ரம்லாவுக்குத்தான். யூனன் இப்ப வகுப்புல லத்தீன் படிச்சுட்டிருக்கான். அங்கேயேதான் இருப்பான்.

ஊனா: தள்ளு... ஐயோ, மாதாவே! கேட்டீங்களா? தள்ளுபடியாம்! கோப்பை நம்மளோடதாம்! கேட்டீங்களா! நாலு மணிக்குள்ள பங்கு முழுக்கச் சொல்லிடுவேன்!

மானஸ்: இரு. எப்படித் தள்ளுபடி ஆச்சு?

டெவனி: என் கடிதத்தைப் படிச்சாங்க.

மானஸ்: நீங்க பொய் எழுதினீங்களா?

ஊனா: கேள்வி கேக்கற நேரமாங்க இது?

மானஸ்: கேட்டுத்தான் ஆகணும். என் மகனுக்காக ஒரு சாமியார் பொய்க் கையெழுத்துப் போட்டிருந்தா எனக்கு அந்தக் கோப்பை வேண்டாம். நானே தூக்கிட்டுப் போய் கில்டரன்ல குடுத்துட்டு வர்றேன். நடந்தே போவேன்.

டெவனி: நகல் வெச்சிருக்கேன். வாசிக்கிறேன், நீங்களே சொல்லுங்க. "அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்தது முதல் இரவு விளக்கணைக்கும் மணி வரை, குருமாணவர் யூனன் கில்டே என்னுடைய நேரடிக் கண்காணிப்பில் இருந்தார். ஒரு நொடியும் என் பார்வையை விட்டு அகலவில்லை."

ஊனா: அழகா எழுதியிருக்கீங்க சாமி.

மானஸ்: இது பொய்தானே? அவன் அன்னிக்கு மைதானத்துல... ஊனா. இரு. அன்னிக்கு அவன் எப்படி வந்தான்?

ஊனா: எனக்கென்ன தெரியும்? ஞாயித்துக்கிழமை பஸ் கிடையாதே.

மானஸ்: நாப்பது மைல். கேட்டதுக்கு, "ஒருத்தர் கொண்டுவந்து விட்டார், பேரு கேக்காதீங்கப்பா"ன்னான். நானும் கேக்கலை.

டெவனி: வர்ற வழியில, கார்ல, என்கிட்டயும் ஒரு சத்தியம் வாங்கினான். "எங்கப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது சாமி, சட்டத்தை மீறின சாமியார்னு தெரிஞ்சா உங்களை ஆயர் முன்னால கொண்டுபோய் நிறுத்திடுவார்"னான்.

மானஸ்: ...செஞ்சிருப்பேன்.

டெவனி: தெரியும். அதான் பயந்துக்கிட்டே வந்தேன். நீங்க உண்மையைச் சொல்ற வரைக்கும் நான் எப்படிச் சொல்றது? நாலு வருஷமா என் சன்னலுக்குக் கீழதான் ஆடறான், மானஸ். அந்தக் காலை மதிலுக்குள்ள வெச்சுப் பூட்டறதுக்கு எனக்கு மனசு வரலை.

ஊனா: அப்ப அன்னிக்கு... நீங்களும்... அங்க...

மானஸ்: எங்க நின்னீங்க சாமி? நான் உங்களைப் பாக்கலையே?

டெவனி: கில்டரன்காரங்க நடுவுல. உங்க பக்கம் வந்தா அடையாளம் தெரிஞ்சுடும்னு, மூக்கு வரைக்கும் மஃப்ளரைச் சுத்திக்கிட்டு நின்னேன். அந்தக் கடிதத்துல ஒரே ஒரு பொய் உண்டு மானஸ், அதை நான் ஒத்துக்கறேன். ஒரு நொடியும் அகலலைன்னு எழுதினேன். இருபது நொடி அகன்றான். பந்து வானத்துலேர்ந்து கசாப்புக்காரன் கைக்கு இறங்கற நேரம் பாத்து எனக்கு முன்னால ஒரு அம்மா குடையை விரிச்சுட்டாங்க. எட்டிப் பாக்கறேன், குனிஞ்சு பாக்கறேன், ஒண்ணும் தெரியலை. குடை இறங்கினா பந்து வலையில கிடக்கு! ஒன்பது நாள்... யாரைக் கேக்கறது? கேட்டா நான் அங்க இருந்தது தெரிஞ்சுடும். அவன்கிட்ட கேட்டா, "சும்மா அடிச்சேன் சாமி, போயிடுச்சு"ங்கறான். அந்த இருபது நொடியைக் கேக்கத்தான் நாப்பது மைல் வந்திருக்கேன். உப்புச் சாடியை மறுபடி எடுத்து வைங்க மானஸ். அவன் குதிச்சான்னீங்களே, அங்கேர்ந்து... நிதானமாச் சொல்லுங்க.